எழுதிக்க கண்ணு

"நானேதான் குளிச்சுக்கறேன். அப்படியே எழுதிக்க கண்ணு."

நியூயார்க்கில் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நீண்டகாலப் பராமரிப்பில், யாருக்கு எவ்வளவு வீட்டு உதவி தேவை என்று நேரில் போய்ப் பார்க்கும் மதிப்பீட்டு நர்ஸாக வேலை பார்த்த யாருக்கும் இந்தப் பதில் புதிதில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். வந்தவளிடம் முதல் நாளே இயலாமையைக் கடைபரப்ப அவர்களுக்கு மனசு வராது. அதற்கெல்லாம் எனக்கு வழி தெரியும். "சரிம்மா, எப்படிக் குளிக்கிறீங்கன்னு பாத்ரூம்ல காட்டுங்க" என்பேன். டப்பின் விளிம்பைத் தாண்டக் கால் எழும்பாதபோது அவர்களே சிரித்துவிடுவார்கள். குயின்ஸில் இருந்த இந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கொரோனாவுக்கு முந்தைய கதை. அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. கேள்விகள் எல்லாமே கடந்த மூன்று நாளைப் பற்றியவை. ஒருவரால் என்ன முடியும் என்பது கணக்கில்லை, அந்த மூன்று நாளில் உண்மையில் என்ன நடந்தது என்பதுதான். தானே செய்தால் 0, முழுக்க இன்னொருவர் செய்தால் 6, அந்த மூன்று நாளில் அந்தக் காரியமே நடக்கவில்லை என்றால் 8. குளிப்பு, உடை, நடை, கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வீட்டு உதவியாளருக்கு எத்தனை மணிநேரம் என்பது பெரும்பாலும் அந்த எண்களிலிருந்துதான் பிறக்கும்.

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை தோளுக்கு மேல் போகாது. வாக்கர் பிடித்து நடப்பார். உதவியாளர் அவருடைய மருமகளேதான். சிடிபேப் என்று நாங்கள் சொல்லும் ஏற்பாட்டில் உதவி பெறுபவரே தனக்கு வேண்டிய ஆளை வைத்துக்கொள்ளலாம். கணவனோ மனைவியோ கூடாது, மருமகள் இருக்கலாம். சம்பளம் மெடிக்கெய்ட் பணத்திலிருந்து வரும். காகிதத்தில் மாமியார்தான் முதலாளி. நம் சமூகம் எழுதாமலே நடத்திவந்த ஒரு பதவிக்கு நியூயார்க் மாநிலம் படிவம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு.

"நானேதான் குளிச்சுக்கறேன்" என்று அவர் சொன்னதும் சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, உள்ளதைச் சொல்லுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "கௌரவம் மேடம், வேறொண்ணுமில்லை" என்றார். நான் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் போனார்.

தனியாக, அதே கேள்வி. அந்த அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளை ஒண்ணும் சொல்லாத. நானே பண்ணிக்கறேன்னு எழுதிக்க."

இதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன பொருள் வருகிறது? மருமகள் எதுவும் செய்வதில்லை, அதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்பதா? மருமகள் படும் பாடு போதும், என் பெயரைச் சொல்லி அவளை வதைக்காதே என்பதா? இல்லை, மருமகள் சொன்னது மாதிரி வெறும் கௌரவமா? அன்றைக்கு மூன்றுமே பொருந்தியது. இப்போதும் பொருந்துகிறது.

பாத்ரூமுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அனுமதி கேட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். டப்புக்குள் பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கத்தில் வாளியும் மக்கும். சோப்புப் பெட்டியில் கட்டி சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாக யாரும் தொடாத சோப்பு என்று மனசு உடனே கணக்குப் போட்டது. அப்படியென்றால் எண் 8. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருடைய தலை கண்ணில் பட்டது. தேங்காயெண்ணெய் வைத்து, வகிடெடுத்து, அடிவரை இறுகப் பின்னிய பின்னல். தோளுக்கு மேல் கை போகாத ஒருவர் தானே அப்படிப் பின்னிக்கொள்ள முடியாது. யாரோ பின்னால் நின்று பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். காலையில் செய்தது, எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது.

சோப்பை நம்புவதா, பின்னலை நம்புவதா? வீட்டில் வேறு திரவ சோப்பு இருந்திருக்கலாம். நர்ஸ் வருகிறாள் என்று அன்றைக்கு மட்டும் பின்னியிருக்கலாம். எதற்கும் ஒரு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

"வேற ஒரு பொண்ணை ஏஜென்சியிலிருந்து அனுப்பச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"அந்தக் காசு இந்த வீட்டு வாடகைக்குப் போகுது. தெரியுமா உனக்கு?" என்றார். கோபமில்லை. தகவல் சொல்வது மாதிரி சொன்னார்.

குளிப்புக்கு 4 போட்டேன். பெருமளவு உதவியோடு நடந்தது என்று பொருள். குறிப்பில், 'தானே குளிப்பதாகக் கூறுகிறார். இடது கை இயக்கம், நடை ஆகியவற்றைக் கவனித்ததில் அது சாத்தியமாகத் தெரியவில்லை' என்று எழுதினேன். அவர் சொன்னதையும் விடவில்லை, பார்த்ததையும் விடவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, அந்த அம்மாவே தானாகச் செய்வதாகச் சொல்லும்போது 4 எதற்கு என்று கேட்டார். கவனித்ததன் அடிப்படையில் என்றேன். விட்டுவிட்டார். மணிநேரம் மாறவில்லை.

0 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2012இலிருந்து இந்த மாநிலத்தில், மெடிகேர் (பெரும்பாலும் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் இரண்டும் இருந்து, 120 நாளுக்கு மேல் வீட்டுப் பராமரிப்பு தேவைப்படும் 21 வயது நிறைந்தவர்கள் பெரும்பாலும் பராமரிப்பை நிர்வகிக்கும் ஏதாவதொரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் மாநிலம் திட்டத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடும். அதற்குள்தான் எல்லாம். மணிநேரம் குறைந்தால் மிச்சம் திட்டத்துக்கு. அந்தத் திட்டத்தின் சம்பளக்காரியான நான்தான் அப்போது மதிப்பிடுவேன். குடும்பங்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பதில் தப்பே இல்லை. அதே சமயம் திட்டம் நினைத்தபடி மணிநேரத்தை வெட்டவும் முடியாது. உடல்நிலையோ சூழ்நிலையோ மாறியிருக்க வேண்டும், அல்லது முன்பு கணக்கில் பிழை நடந்திருக்க வேண்டும் என்று 1996இல் மேயர் எதிர் விங் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் 0 அந்த 'மாற்றம்' ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் போயிருக்கும். மேல்முறையீடு செய்யலாம், பிறகு மாநில விசாரணை கேட்கலாம், கெடுவுக்குள் கேட்டால் முடிவு வரும்வரை பழைய மணிநேரமே தொடரும். ஆனால் நோட்டீஸுக்கும் நடைமுறைக்கும் நடுவில் பத்து நாள்தான் இருக்கும். கடிதத்தை அந்த வீட்டில் யார் பிரித்துப் படித்திருப்பார்கள்? மருமகள்தான்.

அதனால் 4 சரி. அந்த அம்மாவுக்குத் தேவை இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தேவையை யாராவது நிறைவேற்றினார்களா என்பது வேறு கேள்வி. படிவம் கேட்டது என்னவோ அந்த வேறு கேள்வியைத்தான். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் நியாயம் கொஞ்சம் நழுவுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஊனமுற்றவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்த வேண்டும் என்று போராடி வாங்கியதுதான் இந்தச் சிடிபேப் ஏற்பாடு. 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கில், அவசியமில்லாமல் ஒருவரை மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் போன்ற நிறுவனத்துக்குள் வைத்திருப்பது பாகுபாடு என்று சொன்ன பிறகுதான் வீட்டிலேயே பராமரிப்பு என்பதற்கு இவ்வளவு பலம் வந்தது. உதவி பெறுபவரின் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அந்த அம்மா தெளிவாக, திரும்பத் திரும்ப, என்ன எழுத வேண்டும் என்று சொன்னார். நான் வேறொன்றை எழுதினேன். அவர் நன்மைக்குத்தான். பராமரிப்பு இல்லங்களில் வைக்கப்பட்டவர்களுக்கும் இதே காரணத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அவர் சொன்னபடி எழுதியிருந்தால் அடுத்த மாத வாடகை போயிருக்கும், அதைச் சொன்னவரும் அவர்தான். காசு எங்கே போகிறது என்று தெரிந்தவர், தன் பேச்சால் அது நிற்கும் என்று தெரியாமலா இருந்திருப்பார்? தெரிந்தே சொன்னாரா? அப்படியானால் அவர் கேட்டது என்ன?

அடுத்த மறுமதிப்பீட்டுக்கு வேறு நர்ஸ் போனார். கோப்பைத் திறந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய வேலை எனக்கு இல்லை, பார்த்தேன். குளிப்புக்கு 4. கீழே என் குறிப்பு, கமா கூட மாறாமல் அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. அவர் பாத்ரூம்வரை போனாரா என்று கேட்க ஒருநாள் போனைக் கையில் எடுத்தேன். என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.