டாக்டர் ஹூ: திரைக்கு முன் நாவலும் ஒலிநூலும்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய, காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டர் என்பவரைப் பற்றிய டாக்டர் ஹூ அறிவியல் புனைவுத் தொடரை, அதை ஒட்டி வெளிவந்த நாவல்கள், ஒலிநூல்கள் வழியாக அணுகிப் பார்ப்பது என்று சில மாதங்களுக்கு முன் முடிவு செய்தேன். ஒரு கதையை முதலில் அச்சில் படிப்பது, பிறகு அதே நூலை ஒலிவடிவில் கேட்பது, எபிசோடு கிடைத்தால் கடைசியில் பார்ப்பது என்பதே நான் வகுத்துக்கொண்ட முறை. கிடைத்தால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1960களில் ஒளிபரப்பான எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. நாடாக்களை மறுபடி பயன்படுத்துவதற்காகவும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகவும் பிபிசியே அவற்றை அழித்துவிட்டது. ஒளிபரப்பின்போது வீட்டிலிருந்தபடியே ஒலியைப் பதிந்து வைத்த ரசிகர்களின் புண்ணியத்தில் அந்த எபிசோடுகள் அனைத்துக்கும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே இந்தத் தொடரைப் பொறுத்தவரை படிப்பதும் கேட்பதும் பார்ப்பதற்கு அடுத்தபடியான வழிகள் அல்ல. பல கதைகளுக்கு அவைதான் வழி.

வரிசைப்படி தொடங்க விரும்பியதால், 1964இல் வெளிவந்த முதல் நாவலையே எடுத்துக்கொண்டேன். டாலெக் என்ற, உலோகக் கூட்டுக்குள் வாழும் பகை உயிரினங்கள் வரும் கதைகளில் டெர்ரி நேஷன் எழுதிய முதலாவதை, தொடரின் கதைத் தொகுப்பாசிரியராக இருந்த டேவிட் விட்டேகர் நாவலாக்கினார். தொடரின் இரண்டாவது கதை அது. முதல் கதை அப்போது நூலாக வராததால், பாத்திரங்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பதை விட்டேகர் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. திரையில் லண்டன் பள்ளியொன்றில் தொடங்கும் அறிமுகம், நூலில் மூடுபனி கவிந்த பார்ன்ஸ் காமன் வெளியில் நடக்கும் ஒரு சாலை விபத்தாக மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமான மாற்றம், கதை முழுவதையும் டாக்டருடன் பயணிக்கும் இயன் செஸ்டர்டன் என்ற பாத்திரமே தன்மையில் சொல்வதுதான். டாக்டர் யார், நல்லவரா, நம்பத்தக்கவரா என்று தெரியாத ஒருவனின் கண்வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிறோம். திரையில் நான்கு பேரில் ஒருவராக இருக்கும் டாக்டர், இங்கே எரிச்சலூட்டும் புதிராகவே நெடுநேரம் நீடிக்கிறார். டாலெக்குகளின் தலைவன் கண்ணாடி உடலோடு வருவதும் நூலில் மட்டும் உள்ள சங்கதி.

இந்த நூலின் ஒலிவடிவத்தை 2005இல் வாசித்தவர், 1963இல் இயனாக நடித்த அதே வில்லியம் ரஸ்ஸல். பதிவின்போது அவருக்கு எண்பது வயது இருக்கும். அச்சில் படித்தபோது நிகழ்ந்துகொண்டிருக்கும் சாகசமாகத் தெரிந்தது, அவர் குரலில் ஒரு முதியவர் தன் இளமையில் நடந்ததை நினைவுகூர்வதாக ஆகிவிடுகிறது. வாக்கியங்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் உடன் பயணிக்கும் பார்பராவைப் பற்றி இயன் தயங்கித் தயங்கிச் சொல்லும் இடங்களில் குரல் தானாகத் தாழ்கிறது. அதை நடிப்பு என்று சொல்லவே மனம் வரவில்லை. வாசிப்பவர் யார் என்பதைப் பார்க்காமல் ஒலிநூல் வாங்கக் கூடாது என்ற பழக்கம் எனக்கு இங்கேதான் ஏற்பட்டது.

1973இல் டார்கெட் என்ற பதிப்பு வரிசை பழைய நூல்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்து, 1974 முதல் புதியவற்றையும் வெளியிடத் தொடங்கியது. வீட்டில் ஒளிநாடா வைத்துப் பார்க்கும் வசதி பரவாத காலம். மறு ஒளிபரப்பும் அரிது. ஒரு கதையைத் திரும்ப அனுபவிக்க விரும்பிய பிள்ளைகளுக்கு இந்த மெல்லிய நூல்களே கதி. அந்த 1974 நூல்களில் ஒன்றான மால்கம் ஹல்கின் தி கேவ்-மான்ஸ்டர்ஸ், இதுவரை நான் படித்தவற்றில் முதலிடம் பெறுகிறது.

1970இல் ஏழு எபிசோடுகளாக வந்த கதை அது, திரைக்கதையும் ஹல்குடையதே. டெர்பிஷரில் ஒரு குகைக்கு அருகே இயங்கும் அணு ஆய்வு மையத்தில் விபத்துகள் நேர்கின்றன. மனிதருக்கு முன் பூமியை ஆண்ட ஊர்வன இனம் அடியில் உறங்கிக்கொண்டிருப்பது தெரியவருகிறது. திரையில் அந்த இனத்தவரில் எவருக்கும் தனிப்பெயர் கிடையாது. ரப்பர் முகமூடிக்குள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதும் கடினம். நூலிலோ மனிதர் எவரும் தோன்றுவதற்கு முன்பே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சிறிய கோள் ஒன்று பூமியை நெருங்குகிறது. அதன் பாதிப்பிலிருந்து தப்ப எல்லோரும் நிலத்தடி உறைவிடத்துக்குள் போகிறார்கள். ஆக்டெல் என்ற தலைவர் கடைசியாக ஒருமுறை சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு உள்ளே செல்கிறார். அவர்கள் வளர்த்தும் விரட்டியும் வந்த ரோமம் அடர்ந்த பிராணிகள்தான் பிற்கால மனிதர்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதன்பின் ஒவ்வொரு காட்சியிலும் ஆக்டெலின் நிதானமும், மோர்கா என்ற இளையவனின் ஆத்திரமும், கேட்டோ என்ற அறிவியலாளரின் ஆர்வமும் தனித்தனியாகத் தெரிகின்றன. முடிவில் ராணுவம் எடுக்கும் நடவடிக்கை திரையிலும் அதேதான். ஆனால் பெயர் தெரிந்தவர்கள் மேல் அது நிகழும்போது கனம் வேறு. எபிசோடைப் பிறகு பார்த்தபோது, அங்கே இல்லாத பெயர்களை நானாகவே அந்த முகமூடிகளுக்குச் சூட்டிக்கொண்டு பார்த்தேன். நாவலை முதலில் படித்ததன் பயன் இதுவே என்பேன்.

இதன் ஒலிநூலை வாசித்தவர், கதையில் லிஸ் ஷா என்ற அறிவியலாளராக நடித்த கரோலின் ஜான். நூல் படர்க்கையில் எழுதப்பட்டிருப்பதால், லிஸ் பேசும் வரிகளில் மட்டும் கதைசொல்லியின் குரல் சட்டென்று பாத்திரத்தின் சொந்தக் குரலாகிவிடுவது ஒரு தனி ருசி.

அடுத்து டெரன்ஸ் டிக்ஸ். அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை நாவலாக்கிய இவரைத் தாண்டாமல் இந்தப் பொழுதுபோக்கில் யாரும் நகர முடியாது. படிக்கும்போது தெளிந்த நீரோட்டம் போன்ற நடை. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். கேட்கும்போது எனக்குச் சலித்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். டாக்டரின் கால ஊர்தியான டார்டிஸ் வந்திறங்கும்போதெல்லாம் அதே மூச்சிரைப்பும் முனகலுமான ஒலி, நடிகர் மாறி மாறி வந்த ஒவ்வொரு டாக்டருக்கும் வழக்கமான ஒரே முகவர்ணனை என்று அவர் கைவசம் வைத்திருந்த சொற்றொடர்களைக் கண் சுலபமாகத் தாவிச் செல்கிறது. காதுக்கு அந்த வசதி இல்லை. பின்னணி இசையும் விளைவொலிகளும் சேர்த்து ஒலிநூலை நிரப்பினாலும் குறை மறைவதில்லை. அவருடைய நூல்களை இப்போது அச்சில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அழிந்துபோன கதைகளுக்கு தி மித் மேக்கர்ஸைச் சோதனைக்கு எடுத்தேன். 1965இல் நான்கு எபிசோடுகளாக வந்த இந்த டிராய் போர்க் கதையின் ஓர் எபிசோடுகூட மிஞ்சவில்லை. அதை எழுதிய டொனால்ட் காட்டனே 1985இல் நாவலாக்கியபோது, கதையை ஹோமரின் வாயில் வைத்துவிட்டார். எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்த்த கவிஞர், பிற்காலத்தில் தான் பாடியதற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைக் குறும்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஸ்டீபன் தோர்னின் கனத்த குரலில் இந்தக் கேலி இன்னும் எடுபடுகிறது. எஞ்சிய மூல ஒலிப்பதிவையும், அதில் நடித்த பீட்டர் பர்வ்ஸின் இணைப்புரையோடு பிறகு கேட்டேன். சண்டைக் காட்சிகளில் வாள் உரசும் சத்தத்துக்கு மேல் அவர் நிகழ்வை விளக்குவது உதவியாக இருக்கிறது. ஆனாலும் அது இழந்ததன் ஆவணம், நாவலோ தன் காலில் நிற்கும் படைப்பு.

திரையில் வராத புதிய கதைகளின் பக்கம் இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். 1989இல் தொடர் நின்றபின் வர்ஜின் பதிப்பகம் 1991 முதல் புதிய நாவல்களையும், பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் பழைய நடிகர்களைக் கொண்டு முழுநீள ஒலி நாடகங்களையும் வெளியிட்டன. பால் கார்னெல் 1995இல் எழுதிய ஹியூமன் நேச்சர் நாவல், தொடர் மீண்டும் தொடங்கியபின் 2007இல் எபிசோடானது. நாவலில் டாக்டர் மனித வாழ்வை அறிய விரும்பித் தானாகவே மனிதராகிறார். திரையில் பகைவரிடமிருந்து ஒளிவதற்காக ஆகிறார். நாவலின் காரணமே எனக்கு வலுவானதாகப் படுகிறது, ஏனெனில் பிறகு நேரும் சாவுகளுக்கு அது அவரைப் பொறுப்பாக்குகிறது. ராபர்ட் ஷியர்மனின் ஜூபிலி ஒலி நாடகத்தின் கருவிலிருந்து 2005இன் டாலெக் எபிசோடு பிறந்ததும் இப்படித்தான்.

ஒலி நாடகத்தைக் கேட்பது ஒலிநூலைக் கேட்பதைவிடக் கடினம் என்பதையும் குறித்து வைக்கிறேன். கதைசொல்லி இல்லாததால், யார் எங்கே நிற்கிறார் என்பதை வசனத்திலிருந்தும் காலடி ஓசையிலிருந்தும் பிடித்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டால் பாதி நழுவிவிடும். ஒலிநூலைச் சமையலறையிலும், நாடகத்தை இரவில் ஹெட்போனோடும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்ததாக எடுத்து வைத்திருப்பது, 1964இல் ஒளிபரப்பாகி ஏழு எபிசோடுகளும் அழிந்துபோன மார்கோ போலோ கதை. நாவல் அதன் கதாசிரியர் ஜான் லூகரோட்டியுடையது, ஒலிநூலை வாசித்திருப்பவர் அதில் பிங்-சோவாக நடித்த ஸீனியா மெர்ட்டன்.