ரைடிங் மோவரில் இடுப்பு வலி: சீட்டை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி) ஓட்டி இடுப்பு வலி வந்தால் பெரும்பாலானோர் முதலில் ஒரு தடித்த குஷன் வாங்கி சீட்டின் மேல் போடுகிறார்கள். உட்கார்ந்த உடனே சுகமாகத்தான் இருக்கும். ஒரு பெரிய புல்தரையை வெட்டி முடித்து இறங்கும்போது வலி பழையபடி நிற்கும், சில நேரம் தோள் வலியும் சேர்ந்துகொள்ளும். அந்தக் குஷன் சரியில்லை என்று அடுத்த குஷனைத் தேடுவதில் பயன் இல்லை. வலியின் காரணம் சீட்டுக்குக் கீழே, டயரிலும் தரையிலும் இருக்கிறது. ஆகவே வேலையையும் கீழிருந்து மேலே செய்துகொண்டு வர வேண்டும்: டயர், உட்காரும் நிலை, ஃபோம், அதற்கும் சரிவராவிட்டால் புது சீட்.

குஷன் ஏன் கைவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாகக் குலுக்கினால், வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் குலுக்கல்தான் முதுகெலும்பை அதிகம் பாதிக்கும். இந்த 4–8 ஹெர்ட்ஸ் பகுதியில் உடலே ஒத்ததிர்வு அடைகிறது, அதாவது வரும் குலுக்கலைப் பெருக்கிக்கொள்கிறது. வெறும் ஃபோம் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அந்தச் சீட்டும் ஏறக்குறைய 4 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு காட்டும். அதாவது கீழிருந்து வரும் குலுக்கலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். எஞ்சினும் பிளேடும் தரும் வேகமான நடுக்கத்தை ஃபோம் நன்றாகவே உறிஞ்சும். மேடு பள்ளத்தில் வரும் மெதுவான, பெரிய குலுக்கலுக்கு அது மருந்து ஆகாது.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். அதிர்வின் பாதிப்பு நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும், அதிர்வின் அளவோடோ நேரடியாகவே கூடும். ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் பாதிப்பு 30 சதவீதம்தான் குறையும். அதிர்வைப் பாதியாகக் குறைத்தால் நான்கு மடங்கு நேரம் ஓட்டினாலும் பாதிப்பு பழைய அளவிலேயே நிற்கும். தொழிலாக நாள் முழுக்கப் புல் வெட்டுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு ஆணை 8 மணி நேர வேலைக்கு உடல் அதிர்வின் எச்சரிக்கை அளவை 0.5 மீ/வி², மேல்வரம்பை 1.15 மீ/வி² என்று வைத்திருப்பதும் இந்தக் கணக்கின்படிதான்.

எது குலுக்குகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, பிளேடை ஓடவிட்டு ஒரு நிமிடம் சீட்டிலேயே உட்காருங்கள். நின்ற வண்டியிலேயே தொடையும் ஸ்டீயரிங்கும் நடுங்கினால் கோளாறு பிளேடிலோ, பிளேடைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்கிலோ, எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டிலோ இருக்கிறது. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடைக் கழற்றி, நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தின் வெட்டு விளிம்பை இன்னும் கொஞ்சம் தீட்டிச் சமன் செய்யுங்கள். பிளேடு வண்டியில் இருக்கும்போது ஒரு முனையின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொண்டு, அரைச் சுற்று திருப்பி மறுமுனையையும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிளேடு வளைந்துவிட்டது. நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வளைந்தது பிளேடா, அதன் ஸ்பிண்டிலா என்ற சந்தேகம் புது பிளேடைப் போட்டு அதே அளவை எடுக்கும்போது தீரும்.

நின்ற வண்டி அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் குலுக்கினால் அடுத்து பார்க்க வேண்டியது டயர். செலவே இல்லாமல் அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான், ஆனால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இந்த வண்டிகளில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஸ்ப்ரிங்கே கிடையாது, டயரில் இருக்கும் காற்றுதான் ஒரே ஸ்ப்ரிங். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) எண் அதிகபட்ச அளவு. ஓட்ட வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பல லான் டிராக்டர்களில் அது முன் டயருக்கு 14 பக்கமும் பின் டயருக்கு 10 பக்கமுமாக இருக்கும். பக்கச் சுவரைப் பார்த்து 20, 22 என்று ஏற்றிவிட்டால் டயர் கல் போல ஆகி, ஒவ்வொரு வேரும் நேராக இடுப்பில் வந்து அடிக்கும்.

கார் டயருக்கான அழுத்தமானி 10 பி.எஸ்.ஐ. போன்ற சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. 30 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்த மானி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓடாமல், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். இடது, வலது டயர்களில் ஒரே அளவு இருக்க வேண்டும். அரை பி.எஸ்.ஐ. வித்தியாசம் பரவாயில்லை, இரண்டு என்றால் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிக்கூடு) சாய்ந்து புல் படிக்கட்டாக வெட்டும். இன்னும் சுகமாக இருக்கட்டும் என்று கையேட்டு அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். சரிவில் குறுக்கே போகும்போது டயர் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவும். அளவை மாற்றியதும் டெக் மட்டத்தை மறுபடி பார்த்துவிடுங்கள், டயர் இறங்கினால் டெக்கும் இறங்கியிருக்கும். பஞ்சர் தொல்லைக்கு அஞ்சி உள்ளே ஃபோம் அடைத்த டயரோ கெட்டி டயரோ போட்டவர்கள், அதற்கான விலையை முதுகில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது உட்காரும் நிலை. பெடலை முழுதாக அழுத்திய நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும், முதுகு சீட்டின் சாய்வை விட்டு விலகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் சீட்டை நகர்த்த வேண்டும். நகர்த்தும் லீவர் அசையாமல் இறுகியிருந்தால், பாதையில் புல் தூசி அடைத்திருக்கும். பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, உலர் கிராஃபைட் தூள் போடுங்கள். எண்ணெய் போட்டால் அடுத்த வாரமே தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். ஸ்டீயரிங்குக்குப் பதில் இரண்டு கைப்பிடிகளால் திருப்பும் ஜீரோ டர்ன் வண்டிகளில் அந்தக் கைப்பிடிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் அடியில் பல துளைகளோ நீள்துளையோ இருக்கும், போல்ட்டைத் தளர்த்தி உயரத்தையும் முன்பின் சாய்வையும் மாற்றலாம். கைப்பிடியைத் தள்ளும்போது தோள் சாய்வை விட்டு முன்னே வருகிறது என்றால், இடுப்புத் தாங்கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது முதுகைத் தொடவே போவதில்லை.

இடுப்பு வளைவுக்குத் தாங்கல் வேண்டும் என்று தோன்றினால், காசு கொடுத்து வாங்கும் முன் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். உட்காரும் பரப்பிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். அழுத்திய பின் 3 அல்லது 4 செ.மீ. தடிமன் போதும். அதற்கு மேல் போனால் ஆளையே முன்னால் தள்ளி, தொடையின் பின்பகுதிக்குக் கிடைக்கும் தாங்கலைக் குறைத்துவிடும். சரியான உயரமும் தடிமனும் பிடிபட்ட பிறகு அதே அளவில் பட்டை வைத்த தாங்கல் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஃபோமுக்கு வருவோம். சீட்டில் வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து, இடுப்பெலும்பு அழுந்தும் இடத்துக்குக் கீழே விரல்களை நுழையுங்கள். அடித்தகட்டின் கெட்டித்தன்மை விரலுக்குத் தெரிந்தால் ஃபோம் செத்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது அடி தட்டும், அந்த அடிதான் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குக்கு மிக மோசமானது. ரெக்சினில் கிழிசல் இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கித் திறந்த துளை ஃபோமில் தங்கிவிடும். ஃபோம் நொறுங்கும், தகரத் தகடாக இருந்தால் துருப்பிடிக்கும்.

தகடு நன்றாக இருந்தால் ஃபோமை மட்டும் மாற்றலாம். ரெக்சினைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிள்களைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, பழைய ஃபோமை அச்சாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். அடியில் 40 மி.மீ. கெட்டியான, அடர்த்தி கூடிய ஃபோம், மேலே 20 மி.மீ. மென்மையானது என்று இரண்டு அடுக்கு வைப்பது நல்லது. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 40 முதல் 50 கிலோ இருக்கட்டும். அதற்குக் குறைந்த ஃபோம் சீக்கிரமே தட்டையாகிவிடும். அழுத்தினால் மெதுவாக எழும் மெமரி ஃபோமை இங்கே தவிர்த்துவிடுங்கள், குளிரில் பலகையாகவும் வெயிலில் மாவாகவும் மாறும். இரண்டு அடுக்கையும் ஸ்ப்ரே பசையால் ஒட்டி, மேலே மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி, படகு சீட்டுக்குப் போடும் வெயில் தாங்கும் ரெக்சினை இழுத்து ஸ்டேப்பிள் அடியுங்கள். பிளாஸ்டிக் தகட்டுக்கு 6 மி.மீ. காலுள்ள எவர்சில்வர் ஸ்டேப்பிள் போதும். நீளம் கூடினால் தகட்டைத் துளைத்து மறுபக்கம் வரும். முதலில் முன், பின், இடது, வலது என்று நான்கு நடுப்புள்ளிகளில் அடித்து, பிறகு மூலைகளுக்கு வாருங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

சீட்டைக் கழற்றியிருக்கும்போதே அடியில் உள்ள ஸ்ப்ரிங்குகளையும் ரப்பர் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள். ஒன்று உட்கார்ந்துவிட்டால் சீட் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த சீட்டில் இடுப்பு முறுகியபடியே இருக்கும். இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில மாடல்களில் ஸ்ப்ரிங்கை முன்னும் பின்னும் நகர்த்த இடம் வைத்திருப்பார்கள், உங்கள் எடைக்கு எது சரி என்பது கையேட்டில் இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் குலுக்கல் மிஞ்சினால் மேலும் கீழும் ஆடும் ஸ்ப்ரிங் அமைப்பின் மேல் நிற்கும் சஸ்பென்ஷன் சீட் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நல்ல சஸ்பென்ஷன் 2 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தானாக ஆடும். எந்த ஸ்ப்ரிங் அமைப்பும் தன் சொந்த அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேலே வரும் குலுக்கலைத்தான் குறைக்கும். ஆகவே 2 ஹெர்ட்ஸ் சீட் 3-க்கு மேலே வேலை செய்யத் தொடங்கி, முதுகைத் தாக்கும் 4–8 பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. இதில் ஸ்ப்ரிங்கோடு ஷாக் அப்சார்பரும் இருக்க வேண்டும். ஸ்ப்ரிங் மட்டும் உள்ள மலிவு சீட் ஒரு பள்ளத்துக்கு மூன்று தடவை ஆடும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை பல. அடியில் உள்ள நான்கு போல்ட் துளைகளின் தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு, அகலவாட்டிலும் நீளவாட்டிலும் அளந்துகொள்ளுங்கள். மட்கார்டுகளுக்கு இடையே உள்ள அகலம், சீட்டை முன்பக்கம் மடக்கினால் ஸ்டீயரிங்கில் இடிக்குமா, பெட்ரோல் மூடியைத் திறக்க இடம் இருக்குமா என்பதையும் பாருங்கள். உயரம்தான் பலரும் மறப்பது. சஸ்பென்ஷன் அடிப்பகுதி சீட்டைப் பல சென்டிமீட்டர் உயர்த்திவிடும். கால் பெடலுக்கு எட்டாமல் போகலாம், வண்டியின் எடை மையமும் மேலே ஏறும். சரிவுகளில் ஓட்டுபவர்கள் இதை லேசாக எடுக்கக் கூடாது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோப்ஸ் என்ற இரும்புச் சட்டம் உள்ள வண்டி என்றால், சீட் பெல்ட்டின் பிடிப்பைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் சீட்டையே போட வேண்டும்.

பொருத்தும்போது பழைய போல்ட்டின் நீளத்தைப் புது சீட்டின் துளை ஆழத்தோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் நுனி ஃபோமுக்குள் ஏறி உட்காருபவரைக் குத்தும். பிளாஸ்டிக் தகட்டில் மிஞ்சி முறுக்கினால் உள்ளே பதித்த நட்டு கூடவே சுற்றத் தொடங்கிவிடும், பிறகு கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

சீட் சுவிட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் அது. பழைய சீட்டின் அடியில் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும், அதைப் புது சீட்டில் அதே மாதிரி பூட்டுங்கள். தடித்த ஃபோமோ கூடுதல் குஷனோ போட்டால் எடை குறைந்தவர்கள் உட்காரும்போது சுவிட்ச் முழுதாக அழுந்தாது. மேட்டில் குலுங்கியதும் எஞ்சின் விக்கி அணையும். எரிச்சலில் சிலர் வயரைச் சேர்த்து முறுக்கி சுவிட்சையே வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடுகிறார்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டவருக்கும் சுழலும் பிளேடுக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவிட்ச் மட்டும்தான். ஃபோமை மெலிதாக்குங்கள், அல்லது அந்த சீட்டுக்கு உரிய சுவிட்சை வாங்கிப் போடுங்கள். வேலை முடிந்ததும் திறந்த வெளியில் பிரேக் போட்டு, பிளேடை ஓடவிட்டு, கால்களைத் தரைப்பலகையிலேயே வைத்துக்கொண்டு சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டி வெட்டத் தயார் இல்லை.

சஸ்பென்ஷன் சீட்டில் எடைக்குமிழை உங்கள் எடைக்குத் திருப்புங்கள். ஆள் உட்கார்ந்ததும் சீட் மேலும் கீழும் அசையும் மொத்த தூரத்தில் ஏறக்குறைய பாதி இறங்கி நிற்க வேண்டும். மிகத் தளர்வாக வைத்தால் அடி தட்டும், மிக இறுக்கினால் அசையவே அசையாது. இரண்டுமே சாதாரண சீட்டைவிட மோசம். வீட்டில் இருவர் மாறி மாறி ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் திருப்ப வேண்டும்.

ஓட்டும்போது வேகத்தைக் குறைப்பது எந்த உதிரிபாகத்தையும்விட விரைவில் பலன் தரும், முக்கியமாக மர வேர்கள் உள்ள இடங்களில். திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போவது முதுகுக்கு ஆகாது, முறுகிய முதுகெலும்பில் குலுக்கல் இன்னும் கடுமையாக இறங்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். இறங்கிய கையோடு புல் நிறைந்த பையைத் தூக்கக் கூடாது, சில நிமிடம் நடந்து முதுகு இளகிய பிறகு தூக்குங்கள்.

காலில் மரத்துப்போதல், முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையின் உட்பக்கம் உணர்ச்சி குறைவதும், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவதும் அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.