580 கிராம்

“சாமி, இதை மட்டும் நீங்களே போட்ருங்க. மாலை போட்ருக்கேன்.”

கையிலிருந்த தட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் ஸ்டோர் வேலையாள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். தட்டில் உலர்ந்த ஏலக்காய், 580 கிராம். அதைத் தகர டின்னில் கொட்ட வேண்டும். தினமும் நாலைந்து முறை நடக்கிற வேலை, அதுவரை அவன்தான் செய்வான். நான் நோட்டில் கணக்கு எழுதுகிறவன். டின் பக்கமே போனதில்லை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வேலை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களால் சொந்தமாக டிரையர் கட்ட முடியாது. பச்சைக்காயைக் கொண்டுவந்து எங்களிடம் கூலிக்கு உலர்த்திப் போவார்கள். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய் என்பது பொதுக் கணக்கு. காய் நன்றாக விளைந்திருந்தால் நாலரைக்கே ஒரு கிலோ கிடைக்கும். மழைக்காயாக, இளங்காயாக இருந்தால் ஐந்தரை, ஆறுகூட ஆகும். எங்கள் முதலாளி ஐந்துக்கு ஒன்று என்று பேசி வைத்திருந்தார். கூடுதலாக வந்தால் கூடுதல் டின்னுக்கு. குறைவாக வந்தால் “உங்க காய் இந்தத் தடவை சரியில்லை” என்று குறைத்தே கொடுப்போம். ஒரு இரவும் பகலுமாகப் புகைக்குழாய்ச் சூட்டில் கிடந்து, தண்ணீர் வற்றி, காம்பு உதிர்ந்து வருகிற காய் எவ்வளவு எடை நிற்கவேண்டும் என்று எந்த விவசாயியும் அடித்துச் சொல்ல முடியாது. தராசில் பிழை கிடையாது. வருஷா வருஷம் முத்திரை போட்ட தராசு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த 580 கிராம் ஒரு ஆத்தாவுடையது. கம்பம்மெட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள், ஐம்பது சென்ட் வைத்திருந்தார். கம்பத்திலிருந்து போய் இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். 52 கிலோ பச்சை கொண்டுவந்திருந்தார். உலர்ந்து வந்தது 10 கிலோ 980. ஐந்துக்கு ஒன்று போட்டால் 10 கிலோ 400. மிச்சத்தைத்தான் அவன் என் முன்னால் வைத்திருந்தான்.

2019 நவம்பர், கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அந்த வருஷம் விலை எப்படிப் போனது என்று மலையில் இருந்தவர்களுக்கு மறக்காது. 2018 வெள்ளத்தில் செடி அழுகி, அடுத்த கோடையில் மழையும் பொய்த்து, ஆகஸ்ட்டில், ஏலக்காய் ஏலம் நடக்கிற புத்தடியில் ஒரு லாட் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. நவம்பரில் இறங்கிவிட்டது. இறங்கியும் மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆக, அந்தத் தட்டில் இருந்தது ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குக் குறையாது. விடியுமுன் ஜீப் ஏறி மேலே வருகிற ஒரு பெண்ணாளுக்கு மூன்று நான்கு நாள் கூலி.

நான் கேட்டேன்: “போன வாரம் வரைக்கும் நீதானேப்பா போட்ட?”

“போட்டேன். இப்பப் போட மாட்டேன்.”

“நாப்பத்தோரு நாளைக்கு மட்டும் நல்லவனா?”

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இதை அன்றே மறந்திருப்பேன். “நாப்பத்தோரு நாளாச்சும் இருக்கேனே. எனக்காவது கோவிச்சுக்க மேல ஒருத்தர் இருக்காரு சாமி. உங்களுக்கு யாரு இருக்கா?”

“எனக்கு மனசாட்சி இருக்கு” என்றேன். சொல்லிக்கொண்டே தட்டை எடுத்து டின்னில் கொட்டினேன்.

எந்த வரிசையில் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் மனசாட்சி என்று சொல்லி முடிக்குமுன் கை சாய்ந்துவிட்டது. உலர்ந்த காய் தகரத்தில் விழும் சத்தம் சின்னக் கூழாங்கல் கொட்டுவதுபோல் இருக்கும். அவன் ‘சாமி சரணம்’ என்று முணுமுணுத்துவிட்டு விறகு தள்ளப் போய்விட்டான்.

அவன் வீம்புக்குக் கேட்ட கேள்வி அல்ல அது. அதற்கு முந்தைய ஆறு மாதமும் டீ நேரத்தில் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் அப்பா பெரியார் கட்சி. வீட்டில் சாமி படமே கிடையாது. அந்த வளர்ப்பில் வந்த வாய் எனக்கு. “சாமி சொன்னதால அது நல்லதா, நல்லதுங்கறதால சாமி சொன்னாரா?” என்று கேட்பேன். யூதிஃப்ரோ என்பவரிடம் சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்த கேள்வி. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்கு அதெல்லாம் தெரியாது, என் கேள்வி என்றே நினைத்திருப்பான். நானும் திருத்தவில்லை. “சாமி திருடச் சொன்னா திருடுவியா? மாட்டேல்ல? அப்ப நல்லது கெட்டது சாமிக்கு முன்னாடியே உனக்குள்ள இருக்குன்னு அர்த்தம். பயந்து நல்லவனா இருக்கறது நல்ல குணமே இல்லை” என்று நீட்டி முழக்குவேன். கேட்டுக்கொண்டே தம்ளரைக் கழுவி வைப்பான்.

அந்த வாதம் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்ன ஆள்தான் இடிக்கிறது.

என் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்துக்கு ஒன்று என்பது முன்பே பேசியது, ஆத்தாவுக்குப் பேசிய எடை கிடைத்தது. டின் என்னுடையதல்ல, அதில் ஒரு காய்கூட என் வீட்டுக்கு வரவில்லை. நான் கொட்டாவிட்டால் முதலாளி வந்து கொட்டியிருப்பார், எனக்கு வேலை போயிருக்கும், மகளுக்கு அப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். இவ்வளவும் உண்மை. ஆனால் நன்றாகக் கவனித்தால், இதே உண்மைகள் அவனுக்கும் இருந்தன. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், என்னைவிடக் குறைந்த சம்பளம். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

சரி, அவன் என்னைவிட ஒழுக்கமானவனா? அங்கேயும் இடறுகிறது. அவன் பாவத்தை விட்டுவிடவில்லை, கைமாற்றி என்னிடம் கொடுத்தான். ஆத்தாவுக்கு நஷ்டம் அதே 580 கிராம்தான். விரதம் அவனைக் காப்பாற்றியதே ஒழிய அவரைக் காப்பாற்றவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று நாள் கழித்து, ஜீப்பில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில்தான் தோன்றியது. நமக்கு நல்ல பதில் எல்லாம் அங்கேதான் வரும்.

தராசுக்கு மேலே சுவரில் மூன்று காலண்டர் மாட்டியிருந்தோம். ஏசு, ஐயப்பன், மக்கா. முதலாளிக்கு ஒன்று, வேலையாளுக்கு ஒன்று, காய் வாங்க வருகிற வியாபாரிக்கு ஒன்று. வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், மூன்றில் இரண்டு நேராக எங்களைப் பற்றியே பேசியிருக்கின்றன. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று பைபிளின் நீதிமொழிகளில் வருகிறது. குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே அளவில் மோசடி செய்பவர்கள். மிச்சமுள்ள ஐயப்பனுக்கோ பெயரே தர்ம சாஸ்தா. சாமி இல்லாமலும் இது உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, வாங்கும்போது மிகையாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறையாகக் கொடுக்கமாட்டார்கள் என்றுதான் புலவர் சொல்கிறார்.

வெவ்வேறு காலத்து, வெவ்வேறு ஊர்க்காரர்கள் எல்லாரும் தராசைப் பற்றி ஒரே பேச்சுப் பேசியிருக்கிறார்களே, அப்படியானால் இது மனிதனுக்குள் பிறவியிலேயே இருப்பதுதான் என்று ஒரு நாள் தோன்றும். உள்ளேயே இருந்தால் ஏன் அத்தனை இடத்திலும் சொல்லவேண்டி வந்தது, சொல்லாவிட்டால் செய்யமாட்டோம் என்பதால்தானே என்று மறுநாள் தோன்றும். இந்த ஊஞ்சலில் நான் ஆடத் தொடங்கி ஐந்தாறு வருஷமாகிவிட்டது.

மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். “உங்க கட்சிக்கு ஆதாரம்பா” என்று எழுதியிருந்தாள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இரண்டு கப்புசின் குரங்குகள். கல்லைக் கொடுத்தால் ஒன்றுக்கு வெள்ளரித்துண்டு, இன்னொன்றுக்குத் திராட்சை. வெள்ளரி கிடைத்த குரங்கு அதைத் திருப்பி ஆளின் மேலேயே வீசுகிறது, கூண்டைப் பிடித்து ஆட்டுகிறது. சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் தொடர்ச்சியாம். குரங்குக்கு எந்த வேதமும் கிடையாது, ஆனாலும் நியாயம் தெரிகிறது என்பது அவள் வாதம்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த இன்னொரு குரங்கைத்தான். தனக்குக் குறைந்தால் கோபம் பிறவியிலேயே வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். நானும் பஞ்சப்படி பத்து ரூபாய் குறைந்தால் ஆபீஸுக்குள் போய் நின்றவன்தான். ஆனால் திராட்சை வாங்கிய குரங்கு என் கண்ணுக்குச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருப்பதாகவே பட்டது. நமக்குக் கூடுதலாக வரும்போது தொண்டையில் நிற்கிற அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது? மகளிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பாள்.

எனக்குத் தொண்டையில் நின்றதா என்றால், நின்றது. கை கூசியது. அதை வைத்து, பார், உள்ளே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூச்சம் யாருடையது? ஏழு வயதில் கடை கல்லாவிலிருந்து நாலணா எடுத்து மாட்டிக்கொண்டபோது அப்பா விளக்குமாற்றால் வெளுத்துவிட்டுச் சொன்னார், “சாமி இல்லேன்னா கணக்கே இல்லேன்னு நெனச்சியாடா?” என்று. என் மனசாட்சி என்று நான் பெருமையாகச் சொல்வது அந்த விளக்குமாறாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அவனுக்கு மேலே ஒருவர், எனக்குப் பின்னால் ஒருவர், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவும் அப்போது போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் காபிக்குத் தாங்களாகவே காசு போடும் பெட்டிக்கு மேல் ஒரு வாரம் பூப்படமும் ஒரு வாரம் கண் படமும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்களாம். கண் இருந்த வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காசு விழுந்தது என்று 2006இல் எழுதினார்கள். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை. எங்கள் ஸ்டோர் காலண்டர்களில் இரண்டு ஜோடிக் கண் இருந்தது, மேலே சொன்னேனே. டின் அதற்கு நேர் கீழே.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தை மாதம் ஆத்தா அடுத்த சுற்றுக் காயைக் கொண்டுவந்தார். உலர்ந்து வந்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, டின்னிலிருந்து 580 கிராம் நிறுத்து அவர் சாக்கில் போட்டேன். அன்றைக்கு ஜீப்பில் வரும்போது பாட்டு வந்தது எனக்கு. இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள்தான் உறைத்தது, டின்னில் இருந்தது அவருடைய காய் அல்ல. அவருடையது டிசம்பரிலேயே ஏலத்துக்குப் போயிருக்கும். நான் எடுத்தது அதற்குப் பிறகு வந்த பத்துப் பேரிடமிருந்து பிடித்தது. ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க இன்னும் பத்துப் பேரைத் தொட்டிருக்கிறேன், முதலாளி பார்வையில் முதலாளியையும். அது திருட்டா, பிராயச்சித்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை வாய்த்தால் செய்வேனா? செய்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் அதற்குள் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியிருந்தான். டின்னில் கொட்டுகிற வேலை மறுபடி அவன் கைக்குப் போனது. “இப்ப மட்டும் கோவிக்க மாட்டாராப்பா?” என்றேன். இந்தத் தடவை அண்ணே என்றான்: “அதுக்குத்தானேண்ணே வருசா வருசம் போறேன்.” சிரித்தோம், இரண்டு பேருமே.

மனசாட்சி உறுத்தியதால் அந்த வேலையை விட்டேன் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பம்மெட்டு, குமுளி இரண்டு பக்கமும் அடைத்தார்கள். ஜீப் நின்றது. திறந்தபோது என் நாற்காலியில் உள்ளூர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அடைக்காமல் இருந்திருந்தால் நான் இப்போதும் அங்கேதான் நோட்டு எழுதிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது கம்பத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு.

போன கார்த்திகையில் பஸ் நிலையம் பக்கம் அவனைப் பார்த்தேன். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் மாலை. ஜீப்புக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிட்டு “சாமி சரணம்” என்றான். பெரியார் கட்சிக்காரர் மகன் நான், நடுத்தெருவில் நின்று “சாமி சரணம்” என்றேன். ஆத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுக்கும்போது ஜீப் நகர்ந்துவிட்டது.