பேரை மட்டும் எடுத்துரு

"மேடம், புள்ளியையும் எடுத்துரவா, பேரை மட்டும் எடுத்தாப் போதுமா?"

வீட்டுக்கொரு புள்ளி வைத்த எங்கள் வெள்ள வரைபடத்தை லேப்டாப்பில் பார்த்தபடியே மாணவன் கேட்டான். மணி ஐந்து தாண்டியிருந்தது. 5.45க்குள் அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அன்றைக்கே முத்திரை போட்ட ஒப்புகைக் கடிதம் கையில் கிடைக்கும். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வர இரண்டு வாரம்கூட இல்லை. விரிவாக்கப் பணி என்று காட்ட எங்கள் துறையிடம் மரம் நட்ட போட்டோக்களை விட்டால் உருப்படியாக எதுவும் கிடையாது.

"பேரை மட்டும் எடுத்துரு" என்றேன். இரண்டு நொடி யோசித்திருப்பேனா? அவ்வளவுகூட இருக்காது.

2024 அக்டோபர் மழையில் செல்லூர் பட்டபாடு மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்மாய் நிறைந்து, வந்த தண்ணீரைப் பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல் தெருவுக்குள் ஏறிவிட்டது. எந்த வீட்டில் எவ்வளவு ஏறியது என்று வரைபடம் போடத்தான் மாணவர்களோடு போனோம். கணக்கெடுப்புப் படிவத்தை நீட்டினால் யாரும் முகம் கொடுக்கவில்லை. அப்புறம்தான் கோலமாவு: தரையிலேயே படம் வரைய ஆரம்பித்தோம்.

அந்த அக்கா தறிக்காரர் வீட்டுப் பெண். மாணவர்கள் கூகுள் படத்தைப் பார்த்து நேராகப் போட்டிருந்த வாய்க்காலைக் காலால் அழித்துவிட்டு, மாவை அள்ளி ஒரே இழுப்பில் வளைவு வளைவாக இழுத்தார். "இங்கிட்டு ஒடியும். ஒடியிற இடத்துலதான் குப்பை அடைக்கும்." கணுக்கால் அளவு தண்ணீருக்கு ஒரு புளியங்கொட்டை, முழங்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு மூன்று. தன் வீட்டுக்கு மூன்று வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, உடைந்த வளையல் துண்டு ஒன்றை எடுத்து வாய்க்கால் ஓரத்தில் வைத்தார். "எங்க கக்கூஸ் குழாயும் இதுலதான் விழுகுது. அதையும் குறிச்சுக்கங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது?" அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் வளையல் துண்டு வைத்தார்கள்.

எழும்போது கேட்டார்: "இதுல எங்க வீடு தெரியுமா டீச்சர்?"

"தெரியாதுக்கா. தண்ணி எங்க நின்னுச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

இது பொய்யா? சொல்லும்போது பொய்யில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே நேரத்தில் ஒரு பையன் வாசல் வாசலாக நின்று போனில் இடத்தைப் பதிந்துகொண்டிருந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவருக்குப் பதில் சொன்னேன்.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நியாயங்கள் உண்டு. வாசல்வாரியாக ஆழம் தெரியாவிட்டால் எந்தச் சிறுபாலம் அடைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புள்ளி இல்லாத படம் வெறும் அலங்காரம். யார் புறம்போக்கில் இருக்கிறார்கள் என்பது புலப்படத்தை, அதாவது அரசின் நில அளவைப் படத்தை, எடுத்து அளந்தால் தெரிந்துவிடப் போகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் இருக்கிறது. அதற்கு எங்கள் புளியங்கொட்டை எதற்கு? (உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையே நடக்கிற ஊர் இது. யாருடைய வீடு ஆக்கிரமிப்பு என்கிற பேச்சை இங்கே சிரிக்காமல் பேசுவது கஷ்டம்.)

எல்லாம் சரி. ஆனால் புலப்படத்தில் குழாய் கிடையாது. அதை நாங்கள்தான் கொடுத்தோம். அவர்கள் நம்பி வைத்த வளையல் துண்டு.

இரண்டாம் ஆண்டுக்கு ஆய்வு முறையியல் நான்தான் எடுக்கிறேன். தகவல் தருபவரின் ஒப்புதல் என்பது அதில் ஐந்து மதிப்பெண் கேள்வி. பையன்கள் நன்றாகவே எழுதுவார்கள். அன்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கேட்டவனும் அப்படி எழுதியவன்தான், அதனால்தானே கேட்டிருக்கிறான்.

நான்கு மாதம் கழித்துப் போனபோது வாய்க்காலை ஒட்டிய சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் எண்கள். எங்கள் படத்தை வைத்துப் போட்டதா, அவர்களே அளந்து போட்டதா? நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடும் என்கிற பயம்தான், வேறென்ன. அக்கா டீ போட்டுக் கொடுத்தார். "அளக்க வந்தவங்க கையிலயும் ஒரு படம் இருந்துச்சு டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதுவரை எந்த வீடும் இடிபடவில்லை. எண் மட்டும் இருக்கிறது. அதன் மேலேயே பொங்கலுக்கு வெள்ளையடித்தும் லேசாகத் தெரிகிறது.

போன வாரம் அவரே போன் செய்தார். "மழைக்கு முன்னாடி ஒருக்க வந்து வரைஞ்சுட்டுப் போங்க டீச்சர். போன தடவை நீங்க குடுத்த பெறகுதான் பாலத்துக்கு அடியில மண்ணை அள்ளுனாங்க."

அப்படியானால் நான் செய்தது சரிதானா? அந்த வாக்கியத்தை நான்கைந்து முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆறுதலாகத்தான் இருக்கிறது, அது ஆறுதலாக இருப்பதுதான் உறுத்துகிறது.

"வர்றேன்க்கா" என்றேன். கோலமாவு நானே வாங்கி வருகிறேன் என்றும் சொன்னேன். பையன்கள் கையில் போன் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.