மழையன்று சைட்டில் நின்றவர்

“பேர் வெளிய வராதுல்ல சார்?”

“ஆணையம் சொல்லாது தம்பி.”

புகார் எழுத நினைத்த எங்கள் நிறுவன ஊழியரிடம் நான் சொன்னது அவ்வளவுதான். பொய்யில்லை. நெடுஞ்சாலைப் பணியில் முறைகேடு என்று எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பேரை வெளியிட வேண்டாமென்று கேட்டும் அது கசிந்தது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் 2004 ஏப்ரலில் வந்த தீர்மானப்படி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்தாரர் பேரை மறைத்துத்தான் கீழே அனுப்பும். மொட்டைக் கடுதாசியை எடுக்காது. பேர் உள்ளே இருக்கணும், உறை மேல் இருக்கக் கூடாது. என்னைப் போல விஜிலென்ஸில், அதாவது ஊழல் கண்காணிப்புப் பிரிவில், இருக்கும் யாரும் சொல்லக்கூடியதுதான். அந்த ஊழியரை நான் தூண்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது. இல்லையென்று அடித்துச் சொல்லவும் வரவில்லை.

அவர் எழுதிய புகார் எங்கள் மேசைக்கே வந்தது. அறிக்கை கேட்பது அந்தந்த நிறுவனத்தின் விஜிலென்ஸ் அதிகாரியிடம்தானே. புகாரில் இருந்தது இதுதான்: கிடங்கு சாலையில் ஜல்லி 150 மி.மீ. என்று எம்.புக்கில் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) இருக்கிறது, போட்டது 100-க்கும் கீழே. மதியம் மழைக்கு வேலை நின்றது, மறுநாள் ஈரம் காய்வதற்குள் மேலே தார் போட்டுவிட்டார்கள்.

மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். “பேரை மட்டும்தான் எடுத்திருக்காங்க. யார்னு தெரியுதா?”

“தெரியல சார்.”

மழையன்று சைட்டில் நின்றது யாரென்று வாட்ச்மேனுக்கும் தெரியும்.

சாலையைத் தோண்டிப் பார்த்தோம். கனம் குறைவு. கான்ட்ராக்டர் பில்லில் பிடித்தம், ஒரு அதிகாரிக்கு இன்கிரிமென்ட் கட். புகார் வீண்போகவில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். அடுத்த டிரான்ஸ்பர் லிஸ்டில் புகார் எழுதியவர் பேர் இருந்தது. கூடவே வேறு பலரும் இருந்தார்கள். பழிவாங்கல் என்று ஆணையத்திடம் முறையிடலாம்தான், ஆனால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் வேண்டுமே. புகார்தாரர் பாதுகாப்புக்கென்று 2014-இல் நிறைவேறிய சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை.

ஆணையத்தின் அறிவிப்பில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் உண்டு. எழுதியவரை அடையாளம் காட்டும் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. விவரங்கள் திட்டவட்டமாக, சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் ஒருநாள், அவர் புகாரை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். மழையை எடுத்தேன். தேதியை எடுத்தேன். ஜல்லிக் கனத்தையும் எடுத்தேன், அளந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால். மிஞ்சியது, ‘கிடங்கு சாலைப் பணியில் முறைகேடு நடந்துள்ளது’ என்ற ஒற்றை வரி. அப்படி வந்திருந்தால், ‘பொத்தாம்பொதுவானது, முடித்துவைக்கலாம்’ என்று குறிப்பு எழுதியிருப்பது நானாகத்தான் இருக்கும்.