ஒரு பக்கத்துக்கு எட்டு ஐகான்: பழைய இடைமுகங்களைப் படித்துத் தேறிய கதை

மனிதர்–கணினி ஊடாட்டம் என்ற விருப்பப் பாடத்தில் ஆளுக்கொரு தலைப்பை எடுத்து முதலில் செமினார், ஒன்றரை மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. நான் வகுப்புக்குத் தாமதமாகப் போன அன்று தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் கிடந்தது ஒன்றுதான்: பிற கணினிகளைப் பார்த்து, அவை போலவே செய்யப்பட்ட தொடக்கக்கால வரைகலை இடைமுகங்கள். 'வரலாறுதானே, மனப்பாடம் செய்தால் போச்சு' என்று நினைத்தேன்.

செய்தேன். 1973இல் ஜெராக்ஸ் ஆல்டோ, 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார், 1983இல் ஆப்பிள் லிசா, 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் (சுருக்கமாக மேக்), 1985இல் டிஜிட்டல் ரிசர்ச்சின் ஜெம், அதே ஆண்டு நவம்பரில் விண்டோஸ் 1.0, 1986இல் கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு ஜியோஸ் என்ற வரைகலை இயங்குதளம். பத்து ஸ்லைடு, ஒரு தடுமாற்றமும் இல்லை. முடித்ததும் சார் கேட்டார்: "தேதியெல்லாம் சரியாத்தான் சொன்னப்பா. இந்த ஜியோஸ் மேக்கைப் பார்த்துச் செஞ்சதுன்னு சொல்ற. எதை அப்படியே எடுத்தாங்க, எதை எடுக்க முடியல?" நான் ஸ்லைடைப் பார்த்தேன். அதில் ஜியோஸ் திரையின் படம் ஒன்றை ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான். "பார்க்க அதே மாதிரிதான் சார் இருக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. மதிப்பெண் இருபதுக்கு ஒன்பது.

இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். நகலைப் படிக்கும்போது ஒற்றுமைகளை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அவை எல்லார் கண்ணுக்கும் தெரியும். நகல் எந்த இடத்தில் அசலை விட்டு விலகுகிறது, ஏன் விலக வேண்டி வந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அதைப் புத்தகத்தில் தேடி அலுத்துப்போய், வைஸ் என்ற இலவச எமுலேட்டரை மடிக்கணினியில் நிறுவினேன். அது கொமடோர் 64ஐ அப்படியே உள்ளே ஓட்டும். ஜியோஸ் வட்டுப் படிமத்தை (வட்டின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பு) கொடுத்துத் தொடங்கினால் பாதியில் உறைந்து நின்றது. ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால், வட்டு இயக்கியை முழுமையாக எமுலேட் செய்யும் அமைப்பை நான் அணைத்து வைத்திருந்தேன். அது ஏன் முக்கியம் என்று தேடியபோதுதான் முதல் உருப்படியான விஷயம் கிடைத்தது. கொமடோரின் 1541 வட்டு இயக்கி வெறும் பெட்டியில்லை. அதற்குள்ளேயே தனியாக 6502 என்ற ஒரு நுண்செயலியும் (சி.பி.யு.) 2 கே.பி. ரேமும் உண்டு. இயல்பான வேகத்தில் அது நொடிக்கு நானூறு பைட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அந்த வேகத்தில் ஒரு பெரிய செயலியைத் திறக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மவுஸ், மெனு எல்லாம் இருந்து என்ன பயன்? அதனால் ஜியோஸ் தன்னுடைய வேக நிரலை இயக்கியின் உள்ளேயே அனுப்பி, அங்கிருக்கும் நுண்செயலியை ஓட வைத்து, பரிமாற்றத்தைப் பல மடங்கு கூட்டியது. எமுலேட்டர் இரண்டு கணினிகளையும் ஓட்டாவிட்டால் அந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு கோளாறு எனக்கு ஒரு அத்தியாயத்தைச் சொல்லிக்கொடுத்தது.

சரி, திரை வந்தது. மேலே மெனுப் பட்டை. ஆப்பிள் சின்னம் இருக்க வேண்டிய இடது மூலையில் 'ஜியோஸ்' என்ற சொல். அதைச் சொடுக்கினால் கால்குலேட்டர், அலாரம், குறிப்பேடு. கீழே வலது மூலையில் குப்பைக்கூடை. முதல் பத்து நிமிடம் எனக்கும் 'அதே மாதிரிதான்' என்றே தோன்றியது. அப்புறம் கோப்புகளை எண்ணினேன். ஒரு பக்கத்தில் நாலு நாலாக இரண்டு வரிசை, எட்டு ஐகான். அதற்கு மேல் இருந்தால் பக்கத்தின் மடிந்த மூலையைச் சொடுக்கிப் புரட்ட வேண்டும். மேக்கில் ஐகானை ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போடலாமே, இங்கே மட்டும் ஏன் எட்டு?

இந்த ஒரு கேள்விக்கு நான் இரண்டு நாள் செலவழித்தேன், அது வீண் போகவில்லை. 1541 வட்டில் ஒரு செக்டார் (வட்டில் தரவு எழுதப்படும் ஒரு துண்டு) 256 பைட். கோப்புப் பட்டியலில் ஒரு கோப்புக்கான பதிவு 32 பைட். வகுத்துப் பாருங்கள்: எட்டு. அதாவது திரையில் தெரியும் ஒரு 'பக்கம்' வட்டின் கோப்புப் பட்டியலில் ஒரு செக்டார். பக்கத்தைப் புரட்டினால் அடுத்த செக்டார். பட்டியலுக்கென்று 18 செக்டார் இருப்பதால் வட்டில் அதிகபட்சம் 144 கோப்பு. திரையை எழுதுமேசை போலக் காட்டும் மேக்கின் உருவகத்தைக் கடன் வாங்கியவர்கள், கொமடோர் வட்டின் அமைப்புக்கு மேல் அதைத் தாளாக விரித்திருக்கிறார்கள். இதைத் தேர்வில் சொன்னால் நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஐகானின் அளவையும் பாருங்கள்: 24க்கு 21 புள்ளி. கொமடோர் 64இன் காட்சிச் சில்லு தரும் ஸ்பிரைட்டின் (திரையில் தனியாக மிதந்து நகரும் சிறு படம்) அளவும் துல்லியமாக அதேதான். விளையாட்டுகளில் விண்கலமும் தோட்டாவும் பறக்கச் செய்த வசதியை வைத்து, கோப்பை நகர்த்தும்போது அதன் நிழலைத் திரையில் மிதக்கவிட்டார்கள். மவுஸ் அம்புக்குறியும் ஒரு ஸ்பிரைட்தான். நகர்த்தும் முறையும் வேறு. மேக்கில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இழுப்போம்; இங்கே ஒருமுறை சொடுக்கி, கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை சொடுக்கினால் ஐகான் அம்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். பலர் மவுஸ் இல்லாமல் ஜாய்ஸ்டிக்கில்தான் ஓட்டினார்கள். பொத்தானைப் பிடித்துக்கொண்டே குறி பார்த்து நகர்த்துவது அதில் எவ்வளவு எரிச்சல் என்பதை எண் விசைகளால் ஜாய்ஸ்டிக் ஓட்டிப் பார்த்தபோது நானே உணர்ந்தேன். காரணம் அதுதான் என்பது என் ஊகம். என் குறிப்பிலும் ஊகம் என்றே எழுதினேன்.

நினைவகக் கணக்கை மட்டும் கையால் ஒருமுறை போட்டுவிடுங்கள். ஜியோஸ் திரை 320க்கு 200, ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 8,000 பைட். மெனு விழுந்து மறைந்ததும் அடியில் இருந்த படத்தைத் திரும்பப் போட அதே அளவில் இன்னொரு பிரதி. ஆக மொத்தம் 64 கே.பி.யில் கால்வாசி திரைக்கே போயிற்று. இயங்குதளத்துக்கும் ஒதுக்கியபின் ஒரு செயலிக்கு மிஞ்சுவது சுமார் 23 கே.பி. இப்போது முதல் மேக்கின் திரையைக் கணக்கிடுங்கள்: 512க்கு 342, அதாவது 21,888 பைட். மேக் தன் திரைக்கு மட்டும் செலவழித்த இடத்தில் ஜியோஸில் ஒரு சொற்செயலியே குடித்தனம் நடத்தியது! ஒரு செயலியில் வெட்டியதை இன்னொன்றில் ஒட்டுவதற்கான கிளிப்போர்டை நினைவகத்தில் வைக்காமல் வட்டில் ஒரு கோப்பாகவே எழுதியது ஏன் என்று இதற்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

எழுத்துருப் பெயர்கள் தேர்வுக்கு வராது, ஆனால் எனக்குப் பிடித்த துணுக்கு. மேக்கில் சிகாகோ, ஜெனீவா, வெனிஸ் என்று உலக நகரங்கள். ஜியோஸை எழுதிய பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ்காரர்கள் ஊர்ப்பற்றோடு கோரி, டுவினெல் என்று பக்கத்துப் பல்கலைக்கழகக் கட்டடங்களின் பெயரை வைத்தார்கள்.

அசலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மேக்கில் எல்லாம் முழுமையாக இருந்தது, நகலில் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1984 மேக்கின் கோப்பு முறையில் கோப்புறை என்பதே உண்மையில் கிடையாது. கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் என்ற மேக் நிரல் அப்படிக் காட்டியது, வட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே தட்டில் கிடந்தன. அது மாறியது 1985இல் வந்த புதிய கோப்பு முறையில்தான். போதாததற்கு, மேக்கும் லிசாவும் 1979இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்ததில் நிறையக் கற்றுக்கொண்டவை. நகலின் நகல் என்று சொன்னால் ஆப்பிள் ரசிகர்களுக்குக் கோபம் வரும், சொல்லாமலும் முடியாது.

வழக்குகள் பகுதியில் மாணவர்கள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன், நானும் குழம்பினேன். ஜெம்மும் விண்டோஸும் தனித்தனிக் கதை. ஆப்பிள் நெருக்கியதால் டிஜிட்டல் ரிசர்ச் ஜெம்மை மாற்றியமைத்தது: மேசையிலிருந்து குப்பைத்தொட்டி போயிற்று, நகர்த்தக்கூடிய ஜன்னல்களுக்குப் பதில் அசையாத இரண்டு ஜன்னல் வந்தது. ஆனால் அட்டாரி எஸ்.டி. என்ற கணினியில் இருந்த ஜெம் பழையபடியே இருந்தது. விண்டோஸ் 1.0இல் செயலி ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஓடு பதித்தாற்போல் நிற்கும். 1987இல் வந்த 2.0 அவற்றை ஒன்றன்மேல் ஒன்று விழவிட்டது. 1988 மார்ச்சில் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. பட்டியலிட்ட 189 அம்சங்களில் 179, இரு நிறுவனங்களும் 1985இல் செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்துக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டிலும் 1994இல் ஆப்பிள் தோற்றது. 189, 179, 1994 ஆகிய மூன்று எண் போதும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த மேடம் அதையெல்லாம் கேட்கவே இல்லை. "அட்டாரி எஸ்.டி.யில மேஜிக் சாக்னு ஒண்ணு இருந்ததே, அதுவும் மேக் மாதிரிதானே? ஜியோஸுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க" என்றார். நல்லவேளை, அதைப் படித்திருந்தேன். ஜியோஸ் மேக்கின் தோற்றத்தையும் பழக்கவழக்கத்தையும் எடுத்துக்கொண்டது. மேக் நிரல் ஒன்றைக்கூட அதில் ஓட்ட முடியாது. மேஜிக் சாக் டேவிட் ஸ்மால் செய்த கேட்ரிட்ஜ் (கணினியில் செருகும் சிறு பெட்டி). உண்மையான மேக் ராம் சில்லுகளை (படிக்க மட்டுமான நினைவகம், ரேம் அல்ல) வாங்கி அதில் செருகினால், எஸ்.டி.யே மேக் நிரல்களை ஓட்டும். இரண்டிலும் 68000 நுண்செயலிதான் என்பதால் கட்டளைகளை மொழிபெயர்க்கும் வேலை இல்லை. "அந்த மேக் ராம் எவ்வளவு?" "128 கே.பி. மேடம்." "அது ரேம். ராம் 64." அந்த இடத்தில் ஒரு மதிப்பெண் போயிருக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "நகல்ல, அசலை விடச் சுலபமா முடிஞ்சது ஏதாவது உண்டா?" அம்புக்குறி, என்றேன். மேக்கில் அது நகர நகர, அடியில் இருக்கும் புள்ளிகளைச் சேமித்து, வரைந்து, திரும்ப வைத்து என்று மென்பொருளே பாடுபட வேண்டும். கொமடோரில் ஸ்பிரைட்டின் இடத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தைக் காட்சிச் சில்லு பார்த்துக்கொள்ளும். மேடம் தலையாட்டிவிட்டு சாரைப் பார்த்தார். முப்பதுக்கு இருபத்தேழு வந்தது.

எமுலேட்டரில் படிப்பவர்கள் வட்டுப் படிமத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குப்பைக்கூடையில் நீங்கள் கடைசியாகப் போட்ட ஒரே கோப்பைத்தான் மீட்கலாம். நான் இரண்டு போட்டேன். அப்புறம், தேர்வுக்கு முந்தின இரவு எமுலேட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். 'மெனுப் பெயர்களை ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று உட்கார்ந்தவன், இரவு இரண்டு மணிக்கு ஜியோஸின் ஓவிய நிரலான ஜியோபெயிண்டில் ஒரு தென்னை மரத்துக்கு ஓலை வரைந்துகொண்டிருந்தேன்.