கிஜாபேயில் நாங்கள் இருவரும்

ரிட்டயர் ஆன பிறகு தம்பதியாக வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக நினைக்கிறவர்கள் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வயதில் அங்கே போய் என்ன செய்வது?" என்பதுதான். நாங்கள் இருந்தது கென்யாவில், பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் கிஜாபே என்ற மலைச்சரிவில். அங்கே ஆப்பிரிக்கா இன்லேண்ட் மிஷன் 1915-இல் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறது. என் வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கில் கணக்குப் பார்த்தார். நான் குழந்தைகள் வார்டில் தாய்மார்களோடு உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் செய்த நாட்கள் மிகக் குறைவு. போகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, எங்கள் நாட்கள் எப்படிப் போயின என்பதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான அனுமதியில் போய் ஊழியம் செய்ய முடியாது. சமய, அறப்பணிகளுக்கு என்றே 'ஐ' வகுப்பு பெர்மிட் இருக்கிறது. மனைவிக்குச் சார்ந்தோர் பாஸ் மட்டும் எடுத்தால் அவர் அங்கே வேலை பார்க்க முடியாது. அதனால் எனக்கும் தனியாகப் பெர்மிட் போட்டோம். போலீஸ் சான்றிதழ், சபையின் கடிதம், படிப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கப் போதும். ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். டாக்டரிடம் விவரமாகப் பேசாமல் வரிசையில் போய் நிற்க வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோனது தீர்ந்ததும் அங்கே வாங்க அதுதான் உதவியது. பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பேக் எதுவும் வேண்டாம், 2017 முதல் அங்கே தடை. கம்பளி உடுப்பு அவசியம். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான் என்றாலும் இடம் இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரம். ஜூலையில் பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். முதல் சில வாரம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டர் மெதுவாக நடக்கச் சொன்னார், அப்படியே நடந்தோம்.

அங்கே வருடம் முழுக்க ஆறரை மணி வாக்கில்தான் விடியும். அதற்கு முன்பே எழுந்து, ஒரே விளக்கின் கீழ் இருவரும் வேதம் வாசித்து ஜெபிப்போம். கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். கட்டினால் போனில் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுத்த, நான் நாலு நாலு இலக்கமாக வாசிப்பேன். காய்கறி விற்கும் அம்மாவுக்குக்கூட போனில் எம்பெசா வழியாகத்தான் பணம். பக்கத்து வீட்டுப் பெண்தான் எங்களுக்கு அதைப் பழக்கிவிட்டாள். சுவாஹிலியில் நேரம் சொன்னால் ஆறு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவர்களின் மூன்று மணி நமக்குக் காலை ஒன்பது.

வார்டைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மூளையில் நீர் கோத்துத் தலை பெருத்த குழந்தைகளும், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கிஜாபேக்கு வருகிறார்கள். துர்க்கானா, மார்சபித் போன்ற வறண்ட வடக்குப் பகுதிகளிலிருந்து பஸ் மாறி மாறி வந்த தாய்மார் உண்டு. சாபம் என்று சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தனியாக வருவார்கள். அவர்களுக்கு சுவாஹிலியே சரியாகத் தெரியாது, எனக்கோ அதைவிடக் குறைவு. நான் பின்னல் ஊசியோடு போய்ப் பக்கத்தில் உட்காருவேன். வழக்கமான குழந்தைக் குல்லா அளவு எதுவும் இந்தப் பிள்ளைகளுக்குச் சேராது. ஒரு நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்வேன். நீரை வயிற்றுக்கு இறக்க வைக்கும் ஷன்ட் குழாய் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும். அந்த இடம் அழுந்தாதபடி இழையைத் தளர்த்திப் பின்ன வேண்டும். இரண்டாம் நாள் அந்தத் தாயே நூலைப் பிடித்துக்கொள்வாள், மூன்றாம் நாள் ஊசியைக் கேட்பாள். வேறெதுவும் நடக்காத நாட்களிலும் இது நடந்தது. தன் பிள்ளையின் தலையை இன்னொருத்தி அருவருப்பில்லாமல் தொடுவதை அவர்களில் பலர் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று நம்புகிறேன்.

அவருடைய வேலை அமைதியானது. முதலில் காலாவதியாகும் மருந்து முதலில் வெளியே போக வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டை இருக்க வேண்டும், அட்டையில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். தானே உட்கார்ந்து எழுதியிருந்தால் வேகமாக முடிந்திருக்கும். அவரோ பேனாவைத் தொடாமல் அங்கிருந்த இளைஞரின் பக்கத்தில் நின்றார். வயதான தம்பதிகள் இதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன். நாம் கிளம்பிய மறுநாளும் அந்த வேலை நடக்க வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, நாள் முழுக்க நாங்கள் இருவர் மட்டும் என்பது. வேலைக்குப் போன காலத்தில் அவருக்கு அவர் நண்பர்கள், எனக்கு என் தோழிகள். அங்கே இருட்டிய பிறகு வெளியே நடப்பதில்லை, கரண்டும் போய்விட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சின்ன விஷயத்துக்கெல்லாம் உரசல் வந்தது. வாரத்தில் ஒரு மாலை நான் பெண்கள் ஐக்கியத்துக்குத் தனியாகவும், அவர் ரயில் நிலையம் வரை தனியாகவும் போவது என்று முடிவு செய்தோம். திரும்பி வந்தபோது பேச விஷயம் இருந்தது.

பேரப்பிள்ளைகளோடு பேச நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். மாலை ஆறுக்கே கூப்பிட்டுவிடுவோம், தாமதித்தால் ஊரில் அவர்கள் தூங்கிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் கூப்பிட்டபோதுதான் என் அக்கா போய்விட்ட செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அன்று இரவே பக்கத்து வீட்டுப் பெண்கள் பாலும் தேயிலையும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு வந்து, என் அடுப்பிலேயே சாயா போட்டு, பாடி ஜெபித்தார்கள். அடுத்தடுத்த மாலைகளிலும் வந்தார்கள். துக்க வீட்டுக்கு அங்கே அப்படித்தான் வருவார்களாம். அக்காவின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள். நான் போய்ச் செய்யப் போவதாக நினைத்திருந்த ஊழியத்தை அவர்கள் எனக்குச் செய்தார்கள்.

போகிறவர்கள் அனுப்புகிற சபையோடும் பிள்ளைகளோடும் முன்பே பேச வேண்டியது ஒன்று உண்டு. ஒருவருக்கு உடம்பு மோசமானால் எந்த ஆஸ்பத்திரி, செலவு யாருடையது, மருத்துவக் காப்பீட்டில் அவசரமாக ஊருக்குக் கொண்டுவருவது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இறந்தால் எங்கே அடக்கம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கிஜாபேயிலேயே வைத்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மகன் சரி என்றான். மகள் ஒப்புக்கொள்ள நாளானது, அவள் மனம் இறங்கும் வரை டிக்கெட் எடுக்கவில்லை.